கடுகுப் பொட்டலத்தில் வந்த ரோமாபுரிக்காரர்

பள்ளிவாசல் என்கிற மலையூரில் நான் தங்கியிருந்த குவார்ட்டர்ஸுக்குக் கீழே, ரோடு வளையும் இடத்தில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கடைக்காரர் எல்லாவற்றையும் பழைய தாளில்தான் பொட்டலம் கட்டித் தருவார். நியூஸ் பேப்பர், பள்ளிக்கூட நோட்டு, எஸ்டேட் ஆபீசில் கழித்துக் கட்டிய ஃபாரம், எது கிடைத்தாலும் சரி. பொட்டலத்தைப் பிரித்ததும் தாளை நீவிப் படித்துவிட்டுத்தான் எறிவது என் வழக்கம். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நூறு கிராம் கடுகோடு அந்த ரோமாபுரிக்காரர் எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார்.

தாள் கெட்டியாக, பழுப்பாக, ஓரத்தில் கொஞ்சம் பொன்நிறம் ஒட்டியதாக இருந்தது. இங்கிலீஷில் அச்சடித்த கவிதை. ஒருவர் தன் நண்பரைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். பெரிய விருந்து ஒன்றுமில்லை. தோட்டத்துக் கீரையும் கொஞ்சம் பழமும்தான். ஆனால் நண்பர் வருவதாகத் தெரியவில்லை. ஒரு வேலை முடியட்டும், இன்னொரு வழக்குத் தீரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். கவிஞர் கோபப்படவில்லை. வாழ்வதற்கான ஏற்பாடுகளைச் செய்தே வாழ்க்கையைக் கழித்துவிடாதே, கீரை வாடுவதற்குள் வா என்கிற மாதிரி எழுதியிருந்தார். நான் புரிந்துகொண்டதை என் வார்த்தையில் சொல்கிறேன். வரிகள் நினைவில் இல்லை.

எனக்கு இலக்கியப் படிப்பு கிடையாது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்து, இங்குள்ள நீர்மின் நிலையத்தின் பராமரிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள். எந்த மெஷினை எந்த வாரம் நிறுத்தி எதையெதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று அட்டவணை போட்டு, சார்ட் வரைந்து ஆபீஸ் சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு. கவிதை எனக்குப் பழக்கமில்லாத பொருள். ஆனாலும் மறுநாள் காலை கடை திறந்ததுமே போய் நின்றேன். ஏதோ ஒரு பங்களாவைக் காலி செய்தபோது எடைக்கு வாங்கிய புத்தகம் என்றார் கடைக்காரர். முன்னட்டையும் முதல் பக்கங்களும் ஏற்கெனவே மிளகாயும் வெந்தயமுமாக ஊருக்குள் போய்விட்டன. அதே கனத்துக்குப் பழைய பேப்பர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அதனால் அந்தக் கவிஞரின் பெயர் எனக்குத் தெரியாது. முன்னுரையில் தப்பித்த அரைப் பக்கத்திலிருந்து, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியவர், ரோமாபுரிக்கு வெளியே கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர் என்று மட்டும் தெரிந்தது. பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அன்றைக்கே என் பட்டியலில் எழுதி வைத்தேன். இன்னும் அது அங்கேதான் இருக்கிறது.

பட்டியல் என்றேன். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். ஊருக்குப் போகும்போது எடுத்துப்போக வேண்டியவை, அங்கிருந்து கொண்டுவர வேண்டியவை, யார் யாருக்கு எந்த மாசம் கடிதம் எழுதியது என்று தனித்தனியாக இருக்கும். என்னோடு அறையில் இருந்தவள் சூரியநெல்லிக்காரி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். அவள் நர்ஸ் படித்துவிட்டு இந்தப் பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்தாள். என் டயரியைப் பார்க்கும்போதெல்லாம், "ஏட்டி, நீ தும்முறதுக்கும் லிஸ்ட்டு போட்டுட்டுத்தான் தும்முவியா?" என்பாள்.

அந்த டயரியில் எல்லாவற்றையும்விட நீளமான பட்டியல் அம்மாவுக்கானது. 'அம்மா இங்கே வருவதற்கு முன்' என்று தலைப்பு. பத்தொன்பது வரிகள்.

எங்கள் ஊர் கோவிந்தாபுரத்துக்குப் பக்கம். கொல்லங்கோட்டிலிருந்து வரும் ரோடு தமிழ்நாட்டு எல்லையைத் தொடும் இடம்; பள்ளிவாசல் இருக்கும் அதே மாநிலம்தான். மழை மறைவுப் பூமி. நெல்லைவிடக் கடலைக்காயும் சோளமும் அதிகம். நான் சின்னப் பெண்ணாக இருந்தவரை கிணற்றில் மாடு பூட்டி, பெரிய இரும்புச் சாலில்தான் தண்ணீர் இறைத்தார்கள். அப்பா மாட்டை ஓட்டுவார். அம்மா வயலில் நின்று தண்ணீர் கட்டுவாள். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் மடையை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். விடியும் முன்னே தொடங்கினால் வெயில் ஏறும்வரை கணுக்கால் சேற்றில் நிற்பாள். சால் மேலே வந்து கொட்டும் இடைவெளியில், மண்வெட்டிக் காம்பில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாளாம். அடுத்த சால் கொட்டும் சத்தத்தில் கண்ணைத் திறப்பாளாம். அதைத்தான் அந்த நாளில் தன் தூக்கம் என்று சொல்லுவாள்.

நான் ஆறாவது படிக்கும்போது கிணற்றுக்குக் கரண்ட் வந்தது. சுவிட்சைப் போட்டதும் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிய அன்றைக்கு, அம்மா கொஞ்ச நேரம் அதன் கீழே கையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்டார்ட்டர் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஆயுத பூஜைக்கு மட்டும் பொட்டு வைக்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அம்மா எல்லா வெள்ளிக்கிழமையும் வைப்பாள். மாட்டுக்கும் மனுஷிக்கும் உட்கார நேரம் கொடுத்தது அந்தப் பெட்டிதான் என்பது அவள் கணக்கு.

எனக்குப் பள்ளிவாசலில் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது, தூரம், குளிர், தனியாகப் பெண் பிள்ளை என்று வீட்டில் எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா மட்டும், "அங்கதான் கரண்டு பொறக்குதா கண்ணு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப நான் ஒருக்கா வந்து பாக்கோணும்" என்றாள். அம்மா தனக்கென்று எதையாவது கேட்டு நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். சொன்னதை எழுதியும் வைத்தேன்.

பட்டியலின் முதல் வரி, தனிக் குவார்ட்டர்ஸ் கிடைக்க வேண்டும். இரண்டாவது, அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் உயரமான கட்டில். பிறகு ஸ்வெட்டர், கம்பளி, வெந்நீர் போட ஹீட்டர், மழையில்லாத மாசம், எனக்கு டிபார்ட்மெண்ட் பரீட்சை முடிந்திருக்க வேண்டும், உள்ளே போய்ப் பார்க்க எழுத்து மூலமான அனுமதி. அம்மா பக்கத்துக்கும் வரிகள் ஒதுக்கியிருந்தேன்: கடலைக்காய் பிடுங்கி முடிந்திருக்க வேண்டும், எருமை கன்று போட்டிருக்க வேண்டும், அண்ணியின் பிரசவம் ஆகியிருக்க வேண்டும். பத்தொன்பதாவது வரியைச் சிவப்பு மையால் எழுதியிருந்தேன்: 'எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும் நாளாக இருக்க வேண்டும்.' அம்மா வருகிற அன்றைக்கு எதுவும் நின்றிருக்கக் கூடாது.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. எனக்கு வசதிப்பட்ட மாசத்தில் அங்கே எருமை சினையாக இருக்கும். எருமை கன்று போட்டால் இங்கே மழை பிடித்துக்கொள்ளும். நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி வருத்தப்பட்டதே இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம், "அடுத்த வெள்ளாமை முடியட்டும் கண்ணு" என்பாள். "பரீட்சை முடியட்டுங்கம்மா" என்பேன். அதையே நாங்கள் ஒருவரோடொருவர் அன்பாகப் பேசிக்கொள்ளும் முறையாக வைத்திருந்தோம் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

ரோமாபுரிக்காரர் வந்தது மூன்றாம் வருஷக் கடைசியில். தினமும் சாப்பிட்ட பிறகு இரண்டு பக்கம் படிப்பேன். நிறையப் புரியாது. அவர்கள் சாமி பெயர்கள், ஊர் பெயர்கள், யாரையோ கிண்டல் செய்வது. ஆனால் அந்த ஒரு விஷயத்துக்கு அவர் திரும்பத் திரும்ப வந்தார். போதும் என்பது எவ்வளவு, எப்போது என்று ஒவ்வொரு நண்பரையும் ஒவ்வொரு விதமாகக் கேட்டார். ஒரு நாள் சூரியநெல்லிக்காரிக்கு அந்தச் சாப்பாட்டுக் கவிதையைத் தமிழில் சொன்னேன். அவள் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு. ஆனா ஒனக்கு ஒண்ணும் ஏறலயேட்டி. அவரு வான்னு கூப்புட்டா, நீ அதுக்கும் ஒரு நம்பர் போட்டு எழுதிட்டுத்தான படுக்கே?"

உண்மையில் அன்றைக்கு நான் டயரியில் எழுதியிருந்தேன்: 'தள்ளிப்போடுவதைக் குறைக்க வேண்டும்.' அதை அவள் பார்த்திருக்கிறாள்.

பங்குனி மாசம் அண்ணனிடமிருந்து தந்தி வந்தது. அம்மாவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வா. நான் போய்ச் சேரும்போது அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரப் பெண்மணியிடம் அவர்கள் ஊர் மண்ணில் என்ன விளையும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். வயலில் மூச்சு முட்டி உட்கார்ந்தவளை வண்டியில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்ததாக அண்ணன் சொன்னார். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறதாம். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் விட்டுப்போன தழும்பாம். முழங்கால் வலி என்று எனக்குத் தெரியும். இதயம் என்று யாருக்கும் தெரியவில்லை. சால் கொட்டும் இடைவெளியில் அவள் கண்ணை மூடியது தூக்கமா, மூச்சு வாங்கியதா என்று நான் முதன்முறையாக யோசித்தேன்.

ஐந்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். நான் அவர் அறைக்குத் தனியாகப் போனேன். அம்மாவை மலைக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டேன். எவ்வளவு உயரம் என்றார். அடிக் கணக்கில் சொன்னேன். பஸ்ஸில் எத்தனை மணி நேரம், எங்கே இறங்கி ஏற வேண்டும், எத்தனை படி, அங்கே வெயில் எப்படி, குளிர் எப்படி, அறையில் ஒரு நர்ஸ் இருப்பது எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப மாத்திரை நல்லா வேலை செய்யுது. உக்காந்தபடியே போயிட்டு, நடக்காம இருந்துட்டு வரலாம். ஒரு வாரத்துல எனக்குக் காட்டணும். அடுத்த வருஷம் போலாமான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்கம்மா. எனக்குத் தெரியாது."

வராந்தாவுக்கு வந்து, வழக்கப்படி டயரியைத் திறந்தேன். பத்தொன்பது வரிகளில் நான்குக்கு மட்டும் டிக் அடித்திருந்தது. மூன்று வருஷத்தில் நான்கு. இந்த வேகத்தில் போனால் எத்தனை வருஷம் ஆகும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அதற்கு நடுவில் கீரை வாடுவதற்குள் என்ற அந்தப் பேச்சும் வந்தது. டயரியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு அம்மாவிடம் போனேன். "அம்மா, இங்கிருந்து நேரா பள்ளிவாசலுக்குப் போலாமுங்களா?" என்று கேட்டேன்.

அண்ணனுக்குச் சம்மதமில்லை. வீட்டுக்குப் போய் ஒரு மாசம் படுத்து எழுந்திருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு மாசங் கழிச்சுக் கடலைக்காய் புடுங்கோணும்டா சாமி" என்றாள் அண்ணனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "பொடவை ரெண்டு இருக்குது. போதுமல்ல?" என்றாள்.

உடுமலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுக் காலை பஸ் பிடித்தோம். முன் சீட்டு கிடைத்தது. மறையூர் தாண்டித் தேயிலை தொடங்கும்வரை அம்மா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இவ்வளவு சரிவில் எப்படித் தண்ணீர் கட்டுவார்கள் என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. கட்ட வேண்டாம், மழையே பார்த்துக்கொள்ளும் என்றேன். கொடுத்து வைத்தவர்கள் என்றாள்.

நடுவில் அவளுக்குப் பேச்சுத் துணையாக ரோமாபுரிக்காரரைப் பற்றிச் சொன்னேன். கடுகுப் பொட்டலம், கீரைச் சாப்பாடு, வராத நண்பர் எல்லாம் கேட்டாள்.

"அவருக்குத் தோட்டந்தொறவு இருந்துதா?"

"இருந்துதுங்கம்மா."

"எருமை?"

"மாடு கன்னு இருந்திருக்கும்."

"இவரு பாட்டுக்கு எல்லாத்தையும் போட்டுட்டு வா, உக்காந்து சாப்புடலாம்னு கூப்புடறாரு. அன்னைக்குச் சாயங்காலம் பாலு கறந்தது யாருங்கண்ணு?"

அந்தக் காலத்தில் அடிமைகள் இருந்தார்கள், அவர்களில் யாராவது கறந்திருப்பார்கள் என்றேன்.

"அந்தப் பொம்பளைக்கு ஏதாச்சும் எழுதி வெச்சிருக்கறாரா?"

புத்தகத்தின் முதல் பக்கங்கள் போய்விட்டன, அதில் இருந்ததோ என்னவோ என்றேன். இருக்காது என்றாள் அம்மா. அவள் குரலில் குற்றம் சொல்வதாக எதுவும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும், "நம்மூட்ல இன்னைக்கு உன்ற அண்ணிதான் கறப்பா. கைப்புள்ளையை வெச்சுட்டு. போறப்ப அவளுக்கு ஒரு பொட்டணம் நல்ல டீத்தூள் வாங்கோணும்" என்றாள். அந்தக் கவிஞரை நான் அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், அவர் வீட்டுக் கொட்டகையில் யாரோ ஒருத்தி குனிந்து பால் கறந்துகொண்டிருப்பது ஓரத்தில் தெரிகிறது. அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உடனே வா என்று சொல்கிறவர் வீட்டிலும் யாரோ ஒருத்திக்கு வர முடியாமல் இருந்திருக்கும்.

அறையில் எதுவும் தயாராக இல்லை. ஸ்வெட்டர் இல்லை, உயரக் கட்டில் இல்லை. சூரியநெல்லிக்காரி தன் கட்டிலின் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்து உயரம் ஏற்றினாள். அவளுடைய சால்வையை அம்மாவுக்குப் போர்த்தினாள். நாடி பார்த்தாள், கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

"வாங்கம்மா. மூணு வருசமா ஒங்கள வரவேற்க ஒங்க மக பேப்பர்ல எழுதிக்கிட்டே கெடந்தா. நாலு செங்கல்ல முடிஞ்சிருக்க வேண்டிய காரியம்."

"எட்டு செங்கல்" என்றேன்.

"பாத்தியளா? இவகிட்ட கணக்குக்கு மட்டும் கொறையே இல்ல" என்றாள். அம்மா மூச்சு வாங்காமல் சிரித்ததை நான் கவனித்தேன்.

மறுநாள் காலை கண் விழித்ததும் எனக்கு ஏதோ நிம்மதியாக இருந்தது. சத்தமே இல்லை. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பறவைக் குரல்கள் தனித்தனியாகக் கேட்டன. இத்தனை பறவைகளா என்று நினைத்துக்கொண்டே பல் தேய்க்கப் போனவள், தொட்டியடியில் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் குவார்ட்டர்ஸில் சத்தமே இல்லாமல் இருக்க முடியாது. கீழே மெஷின்கள் ஓடும் ரீங்காரம் இராப்பகலாகச் சுவர் வழியே வந்துகொண்டே இருக்கும். பழகிப்போனதால் காதில் விழாது. இப்போது அது இல்லாததுதான் காதில் விழுந்தது. முந்தின நாள் அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்த பரபரப்பில் அதைக் கவனிக்கவே இல்லை.

சேலையைச் செருகிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். சுவரில் சார்ட் இருந்தது. பெரிய குழாய்களைப் பரிசோதிக்க வருஷத்துக்கு ஒரு தடவை மேலே தண்ணீரை அடைத்துவிட்டு, எல்லா மெஷினையும் நிறுத்துகிற ஆறு நாட்கள். சிவப்புப் பென்சிலால் கோடு அடித்திருந்தது. இரண்டாவது நாள் அது. கோட்டை ஸ்கேல் வைத்து அடித்தவள் நான். கீழே சின்ன எழுத்தில் என் இனிஷியல் இருந்தது. பட்டியலைப் பார்க்காமல் ஒரே ஒரு காரியத்தைச் செய்தேன். அதுவும் இந்த நாளில் வந்து விழுந்தது.

டர்பைன் பக்கத்து ஃபோர்மேன் வடக்கன் பறவூர்க்காரர். பேச்சில் மலையாளமும் தமிழும் பாதிப் பாதியாக இருக்கும். என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அம்மாவைப் பற்றி அந்த ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷமாக 'அம்மா வரும்போது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா. "மோளே, நாங்கள்லாம் நின் சார்ட்டு நோக்கித்தான் லீவு எடுக்கும். வரைச்ச நினக்கே மறந்துபோயி, அல்லே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிடுமோ என்று இருந்ததால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெஷின் ஓட இன்னும் நான்கு நாள். அதற்குள் அம்மா திரும்பக் கோயமுத்தூரில் டாக்டர் முன்னால் இருக்க வேண்டும்.

அறைக்குத் திரும்பி அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். அவள் இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொண்டு கேட்டாள்.

"நின்னா என்ன கண்ணு? ஓடறப்பக் கிட்டப் போக உடுவாங்களா? மாடு படுத்திருக்கறப்பத்தான் பக்கத்துல போயித் தடவிப் பாக்க முடியும்."

அடுத்த கவலை அவளுக்கு உடனே வந்துவிட்டது. இங்கே நின்றால் நம் கிணற்று மோட்டாரும் நின்றிருக்குமே, கடலைக்காய் பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றாள். மாநிலம் முழுவதும் எல்லா மின்நிலையங்களையும் கம்பியால் சேர்த்திருக்கிறது, ஒன்று நின்றால் மற்றவை கொடுக்கும் என்று விளக்கினேன். பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரி என்று அவளே சொல்லிக்கொண்டாள். நான் படித்த மூன்று வருஷத்தில் இவ்வளவு சுருக்கமாக எந்த வாத்தியாரும் அதைச் சொன்னதில்லை.

இன்ஜினீயர் வாய்மொழியாகவே அனுமதி கொடுத்தார். எழுத்து மூலம் என்ற என் எட்டாவது வரி அத்தோடு அடிபட்டது. ஜீப் கதவுவரை வந்தது. உள்ளே இருபது அடி நடை. ஃபோர்மேன் அதற்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார். அம்மா அதில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தாள்.

ஒரு மெஷினின் மேல்மூடியைத் தூக்கி வைத்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த நாளாக இருந்திருந்தால், அம்மா பத்தடி தள்ளி நின்று, பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு இரும்புக் கூட்டையும் அதன் இரைச்சலையும்தான் கண்டிருப்பாள். இப்போது சக்கரம் வெளியே தெரிந்தது. ஆள் உயரம். அதன் விளிம்பைச் சுற்றி வரிசையாக இரும்புக் கிண்ணங்கள். ஒவ்வொன்றும் நடுவில் ஒரு வரம்போடு இரட்டைக் கிண்ணமாக இருக்கும். மலை உச்சியிலிருந்து குழாய் வழியே இறங்கும் தண்ணீர் அந்த வரம்பில் வந்து அடிக்கும். சக்கரம் சுற்றும். அவ்வளவுதான் சங்கதி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, வாய்க்காலில் தண்ணீர் குடிக்க ஏந்துகிற மாதிரி வைத்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அச்சு அதேதான்.

"கை மாதரயே பண்ணி வெச்சிருக்கறாங்க" என்றாள்.

தொடலாமா என்று ஃபோர்மேனைக் கேட்டாள். தொடலாம் என்றார். ஒரு கிண்ணத்தின் உள்பக்கத்தைத் தடவினாள். வருஷம் முழுக்கத் தண்ணீர் அடித்துத் தேய்ந்த இரும்பு மழமழவென்று இருக்கும். சில இடத்தில் பொடிப் பொடியாகக் குழி விழுந்திருக்கும். குழிகளின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டாள். தண்ணீர் அடித்த தழும்பு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். கைக்கு எட்டாத இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மிச்சத்தை நான் எண்ணிச் சொன்னேன். எண்ணும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து குங்குமச் சிமிழை எடுத்தபோதுதான் அவள் எதற்காக வந்தாள் என்று எனக்குத் தெளிவாயிற்று. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அது இடுப்பில்தான் இருந்திருக்க வேண்டும். ஃபோர்மேன் தயங்கினார். வைக்கக் கூடாது என்று சொல்ல அவருக்கு மனசு இல்லை. நாளை மறுநாள் மூடிவிடுவோம், தண்ணீர் திறந்தால் வருகிற வேகத்தில் கண் இமைக்கும் நேரம்கூட அது நிற்காது, அம்மா வருத்தப்படக் கூடாதே என்று என்னிடம் சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அதற்குள் மோதிர விரலால் கிண்ணத்தின் வரம்பில் பொட்டு வைத்து முடித்திருந்தாள்.

"போனா போகட்டுமுங்க" என்றாள் ஃபோர்மேனிடம். "தண்ணியோட போயி, கரண்டோட நம்ம ஊட்டுக்குத்தான வரப்போகுது."

அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, வெகு நேரம் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை கண்ணை மூடினாள். நான் பயந்து மணிக்கட்டைப் பிடித்தேன். "ஒண்ணுமில்ல கண்ணு" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "சத்தமில்லாம இருக்குது. நல்லாருக்குது."

இரண்டு நாள் இருந்தாள். அண்ணிக்கு டீத்தூளும், சூரியநெல்லிக்காரியின் யோசனைப்படி தனக்கென்று ஒரு சால்வையும் வாங்கிக்கொண்டாள். நான் கோயமுத்தூர் வரை கூடப் போய் டாக்டரிடம் காட்டி வீட்டில் விட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் போலாமா என்று யாரும் டாக்டரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை வரவில்லை, அவரே சொல்லிவிட்டார். மலை கூடாது, மண்வெட்டி கூடாது, கிணற்றடிக்குக்கூட நடக்க வேண்டாம். ஆபரேஷன் பற்றி இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா வாசலில் வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தபடி, மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே எந்தப் பாத்தியில் தண்ணீர் பாய்கிறது என்று சொல்கிறாள். வெள்ளிக்கிழமைப் பொட்டை இப்போது அண்ணி வைக்கிறாள்.

நான் பட்டியல் போடுவதை விடவில்லை. எனக்குத் தெரிந்த வேலை அது. அந்தப் பத்தொன்பது வரிகள் இருந்த பக்கத்தையும் கிழிக்கவில்லை. நான்கு டிக்கோடு அப்படியே கிடக்கிறது. ரோமாபுரிக்காரரின் புத்தகத்துக்குக் காக்கித் தாளில் அட்டை போட்டு, அந்த டயரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது, மத்தியானம் கரண்ட் போயிற்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்து நின்று, பாதிப் பாத்தியில் மோட்டார் நின்றுவிட்டது என்று கரண்ட் ஆபீஸ்காரர்களைத் திட்டத் தொடங்கினார். அன்றைக்கு எந்த மெஷினும் நிறுத்தும் நாள் இல்லை. சார்ட் எனக்கு மனப்பாடம். எங்கேயோ கம்பியில் தென்னை மட்டை விழுந்திருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, சும்மா வையாதீங்க. சக்கரத்தைத் தொறந்து வெச்சுத் தொடச்சுட்டு இருப்பாங்க. நான் போயிப் பாத்துட்டு வந்தனுங்க. செத்த நேரம் இருங்க, வந்துரும்."

அவர் என்னைப் பார்த்தார். ஆமாங்க என்றேன்.